அந்தக் கேள்வி ஏன் பவுமாவிடம் போனது?

2021 அக்டோபர் 26, செவ்வாய்க்கிழமை. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். மதியம் மூன்றரை மணிக்கு ஆட்டம் என்பதால் லேப்டாப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து டாஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். டி20 உலகக் கோப்பை, துபாய், தென்னாப்பிரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும். தென்னாப்பிரிக்கக் கேப்டன் டெம்பா பவுமா டாஸ் வென்று பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். அணியில் ஒரு மாற்றம், குவின்டன் டி காக் சொந்தக் காரணங்களால் ஆடவில்லை, அவருக்குப் பதில் ரீசா ஹெண்ட்ரிக்ஸ் என்றார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் குழு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வாரியம் ஒரு உத்தரவு போட்டிருக்கிறது. இனவெறிக்கு எதிராக இனி எல்லா வீரர்களும் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி மண்டியிட வேண்டும், இதில் விருப்பத்துக்கு இடமில்லை. வெள்ளை வீரரான டி காக் ஆடாததற்குக் காரணம் அதுதான்.

அன்று எங்கள் குழுவில் நடந்த சண்டை உலகம் முழுக்க நடந்த சண்டைதான். ஒரு பக்கம், இரண்டு விநாடி மண்டி போட்டால் என்ன குறைந்துவிடும், பக்கத்தில் நிற்கும் கறுப்பினத் தோழனுக்காக அதைக்கூடச் செய்ய முடியாதா என்றது. இன்னொரு பக்கம், கழுத்தைப் பிடித்து மண்டி போட வைத்தால் அதற்குப் பெயர் எதிர்ப்பா, ராணுவ அணிவகுப்பா என்றது. நான் முதலில் டி காக்கைத் திட்டினேன், சாயங்காலம் வாரியத்தைத் திட்டினேன், ராத்திரி மறுபடி டி காக்கைத் திட்டினேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் பேசுகிறோம் என்று தோன்றியது. ஏதோ ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறோம் என்றும் தோன்றிக்கொண்டே இருந்தது.

அது என்னவென்று தெரிந்தது ஆட்டம் முடிந்த பிறகு. தென்னாப்பிரிக்கா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. எய்டன் மார்க்ரம் 26 பந்தில் 51 ரன். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற அணிக்கு இது பெரிய வெற்றி. பவுமா பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். கேப்டனான பிறகு தனக்கு வாய்த்த மிகக் கடினமான நாட்களில் இது ஒன்று என்றார். குவின்டன் வளர்ந்த ஆள், அவர் முடிவை மதிக்கிறோம் என்றார். நாம் பார்க்கிற மாதிரியே அடுத்தவரும் பார்க்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற பொருளிலும் பேசினார். ஒரு வார்த்தை தடித்து வரவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மனதுக்குள் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார் என்பது பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

பவுமா யார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கேப் டவுனின் லாங்கா என்ற கறுப்பினக் குடியிருப்பில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் சதம் அடித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர், 2016 ஜனவரியில், நியூலேண்ட்ஸில். அந்த நாட்டு அணிக்கு நிரந்தரக் கேப்டனான முதல் கறுப்பின ஆப்பிரிக்கரும் அவர்தான். அந்த மண்டியிடல் அவரைப் போன்றவர்களுக்காகத்தான். உத்தரவு போட்ட வாரியத்தார் அந்த மேஜையில் இல்லை. மறுத்த டி காக்கும் இல்லை. வெள்ளைக்காரத் தோழன் ஏன் மண்டியிட மாட்டேன் என்றான் என்பதை உலகத்துக்கு விளக்குகிற வேலை, யார் மரியாதைக்காக அந்த மண்டியோ அவர் தலையிலேயே விழுந்தது. அவரும் ஒருவரையும் நோகடிக்காமல் அதைச் செய்து முடித்தார்.

எனக்கு உறுத்தியது இதுதான். இப்படி யாராவது மறுக்கும்போதெல்லாம் வாரியத்தின் உரிமை பெரிதா, வீரனின் மனசாட்சி பெரிதா என்றே நாம் மல்லுக்கட்டுகிறோம். அந்தச் சைகை யாருக்காக ஏற்பட்டதோ அவர் நடுவில் காணாமல் போய்விடுகிறார், இல்லையென்றால் பவுமா மாதிரி எல்லாருடைய சுமையையும் தூக்கிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

மக்காயா நிட்டினியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவர் இல்லாமல் இந்தக் கதை புரியாது. தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். 1998 மார்ச்சில் நியூலேண்ட்ஸில் இலங்கைக்கு எதிராக அறிமுகம். ம்டிங்கி என்ற கிராமத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், 101 டெஸ்டில் 390 விக்கெட் எடுத்தார். என் வயதுக்காரர்களுக்கு அவர் ஓடிவரும் கோணம் இன்னும் கண்ணில் இருக்கும், கிரீஸின் ஓரத்துக்குப் போய் அங்கிருந்து குறுக்காக உள்ளே போடுவார், நாள் முழுக்கப் போட்டாலும் களைக்க மாட்டார். உடம்பை இப்படி வைத்திருக்கிறாரே என்று வர்ணனையாளர்கள் வியப்பார்கள். ஹோட்டலில் இருந்து மைதானத்துக்கு ஓடியே வருவார், ஆட்டம் முடிந்து ஓடியே திரும்புவார். அதையும் உடற்பயிற்சி ஆர்வம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

2020 ஜூலையில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில்தான் அவர் உண்மையைச் சொன்னார். காலையில் பஸ் டிரைவரிடம் பையைக் கொடுத்துவிட்டு ஓடுவாராம். ஏனென்றால் அணி பஸ்ஸில் அவர் பின்னால் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சாப்பிடும் இடத்திலும் அப்படித்தான், அவர் மேஜைக்கு யாரும் வர மாட்டார்கள். ராத்திரி சாப்பிடப் போகலாம் வா என்று ஒருத்தரும் கதவைத் தட்டியதில்லை. அந்தத் தனிமைக்குப் பயந்துதான் ஓடினேன் என்றார். ஏன் ஓடுகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

பத்து வருஷத்துக்கும் மேல். அவர் இருந்த அந்த அணியில் நான் தெய்வமாகப் பார்த்தவர்கள் சிலர் உண்டு. அவர்களில் யாராவது ஒருநாள், ஒரே ஒருநாள், நில்லுப்பா நானும் வரேன் என்று கூட ஓடியிருக்கலாம். அந்த நேர்காணலைப் பார்த்த அன்று எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் திரும்பியது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பள்ளி கிரிக்கெட் அணியில் இடது கை வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் இருந்தான். காலனியில் இருந்து வருவான். எங்கள் ஊரில் காலனி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஜனவரி 30 அன்று காலை பதினோரு மணிக்கு மௌனம், அதோடு தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. தமிழ்நாட்டில் பள்ளியிலோ அரசு அலுவலகத்திலோ இருந்தவர்களுக்குத் தெரியும், வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஒருவர் வாசிக்க வாசிக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஆசிரியர் ஒருவர், இவன் வாசித்தால் பொருத்தமாக இருக்கும் என்று அவனை மேடைக்கு அனுப்பினார். நல்லெண்ணத்தில்தான் செய்தார், அவர் நல்ல மனிதர். அவன் படிக்கட்டு ஏறிப் போய், அட்டையில் ஒட்டிய காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தான். வாசிக்கிறவன் கையை நீட்ட முடியாது, அட்டை இருக்கிறது அல்லவா. கீழே அறுநூறு கைகள் அவனைப் பார்த்து நீண்டிருந்தன. ஒருத்தன் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பயிற்சி. தண்ணீர்க் குடம் வழக்கமான இடத்தில் இருந்தது. அவன் வழக்கம்போல் தன் பையில் இருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தான். அது அவன் பழக்கம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம், அதாவது அப்படி நினைத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது. இரண்டு வருஷம் அவன் பந்துக்கு நான் ஸ்லிப்பில் நின்றிருக்கிறேன். ஏன்டா குடத்தில் குடிக்க மாட்டேன்கிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சரி, தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புகிறேன். நிட்டினி பேசியது தானாக வந்துவிடவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் லுங்கி இங்கிடி என்ற இளம் பந்துவீச்சாளரிடம் கறுப்பின உயிர்கள் முக்கியம் (பிளாக் லைவ்ஸ் மேட்டர்) என்ற இயக்கத்தை உங்கள் அணி ஆதரிக்குமா என்று கேட்டார்கள். பேச வேண்டிய விஷயம்தான், அணியாக உட்கார்ந்து பேசுவோம் என்கிற மாதிரி மிக நிதானமாக ஒரு பதில் சொன்னார். அவ்வளவுதான். போயட்டா டிப்பனார், பாட் சிம்காக்ஸ் போன்ற முன்னாள் வெள்ளை வீரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், வெள்ளை விவசாயிகள் கொல்லப்படுகிறார்களே அதைப் பேசுவாயா என்றார்கள். அதைப் பார்த்துக் கொதித்துத்தான் முப்பதுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் சேர்ந்து இங்கிடிக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டார்கள், ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஜூலை 18 அன்று செஞ்சுரியனில் நடந்த காட்சி ஆட்டத்தில் வீரர்கள் மண்டியிட்டார்கள். அந்த மண்டியிடலில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அதற்கு முன்னால் பேச்சு நடந்திருந்தது, அழுகை நடந்திருந்தது.

அதற்கப்புறம் வந்த பதினைந்து மாதத்தில்தான் கோளாறு. இங்கிலாந்து வந்தபோது மண்டியிடவில்லை. செஞ்சுரியன் டெஸ்டில் இலங்கைக்கு எதிராக முஷ்டியை உயர்த்தினார்கள். 2021 ஜூனில் மேற்கிந்தியத் தீவுகளில் அவரவர் இஷ்டம் என்றானது, டி காக் எதுவுமே செய்யவில்லை, காரணம் கேட்டதற்கு அது என்னோடே இருக்கட்டும் என்றார். இதே நேரத்தில் வாரியம் நியமித்த விசாரணையில் முன்னாள் வீரர் பால் ஆடம்ஸ் வந்து, அணி வெற்றிப் பாட்டில் தன் நிறத்தைச் சொல்லிக் கேவலமான ஒரு பட்டப்பெயர் வைத்துத் தோழர்கள் பாடினார்கள் என்று சாட்சி சொன்னார். அந்தப் பாட்டில் கூடச் சேர்ந்து பாடியதற்காக மார்க் பவுச்சர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். பவுச்சர் அப்போது அணியின் பயிற்சியாளர். துபாயில் மண்டியிட உத்தரவு வந்த அன்றும் அவர்தான் பயிற்சியாளர்.

இதையெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது பெரிய வேலை, வருஷக் கணக்காகும். ஒரு உத்தரவு போடுவது ஒரு ராத்திரி வேலை. அக்டோபர் 23 அன்று அபுதாபியில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு முன்னால் எடுத்த படம் ஒன்று சுற்றியது. சிலர் மண்டியிட்டிருக்கிறார்கள், சிலர் நின்றபடி முஷ்டி உயர்த்தியிருக்கிறார்கள், சிலர் சும்மா நிற்கிறார்கள். வாரியத்துக்கு உறுத்தியது அந்தப் படம்தான். ஆளுக்கொரு விதமாக நிற்பது ஒற்றுமை இல்லாதது போன்ற எண்ணத்தைத் தருகிறது என்று அவர்கள் அறிக்கையிலேயே எழுதினார்கள். எனக்கு என்னவோ அந்தப் படம்தான் உண்மையான படம். அந்த நாடு அன்று அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. யார் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில் எல்லாரையும் ஒரே மாதிரி நிற்க வைத்துப் படத்தைச் சரி செய்யப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, 28ஆம் தேதி, டி காக் ஒரு நீண்ட அறிக்கை விட்டார். அதைப் படிக்காமலேயே அவரைப் பற்றி முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர், அதனால் சொல்கிறேன். அவர் கலப்புக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவருடைய சித்தி, அதாவது மாற்றாந்தாய், கறுப்பினத்தவர், அந்த வழித் தங்கைகள் கலப்பினத்தவர். கறுப்பின உயிர்கள் எனக்கு நான் பிறந்ததில் இருந்தே முக்கியம், உலகத்தில் ஒரு இயக்கம் வந்ததால் அல்ல என்றார். முக்கியமான ஆட்டத்துக்குப் போகும் வழியில், செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பார் என்கிற தொனியில் சொன்னது அதிர்ச்சியாக இருந்தது என்றார். முட்டாள், சுயநலக்காரன், பக்குவமில்லாதவன் என்றெல்லாம் திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் வலிக்கவில்லை, இனவெறியன் என்றது வலிக்கிறது, கர்ப்பமாக இருக்கும் என் மனைவிக்கு வலிக்கிறது என்றார். நான் இனவெறியனாக இருந்திருந்தால் சுலபமாக மண்டியிட்டுப் பொய் சொல்லியிருக்க முடியுமே என்றும் ஒரு வரி இருந்தது.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு அறுநூறு கைகள் ஞாபகம் வந்தன.

ஆனாலும் டி காக்கை நான் முழுசாக விட்டுவிட மாட்டேன். அந்த அறிக்கையில் இருந்த ஒவ்வொரு வாக்கியமும் ஜூனிலேயே சொல்லக்கூடிய வாக்கியம். சித்தியைப் பற்றி, தங்கைகளைப் பற்றி, ஏன் இந்தச் சைகை எனக்கு ஒட்டவில்லை என்பதைப் பற்றி, வெளியே வேண்டாம், அணி அறைக்குள் பவுமாவிடமும் ரபாடாவிடமும் இங்கிடியிடமும் இதே வேகத்தில் பேசியிருக்கலாம். முகாம் நடந்தது, இணையவழிக் கூட்டங்கள் நடந்தன, எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அன்று பவுமா ஏன் அதிர்ந்து போனார்? அணியாக எங்களுக்கே எதிர்பாராததாக இருந்தது என்றுதானே அவர் சொன்னார். காரணம் என்னோடே இருக்கட்டும் என்பது தனிமனிதன் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் பக்கத்தில் முழங்காலில் இருப்பவன், நின்றுகொண்டிருக்கும் உன் காலைப் பார்த்துக்கொண்டு, இவன் என்னைப் பற்றி என்னதான் நினைக்கிறான் என்று யோசித்துக்கொண்டே இருப்பான். உன் மௌனத்துக்கு அவன்தான் வட்டி கட்டுகிறான்.

இதே தென்னாப்பிரிக்க அணியில் மறுப்பை அழகாகக் கையாண்ட கதையும் உண்டு. அணிக்குப் பல வருஷம் பீர் கம்பெனிதான் விளம்பரதாரர். ஹாஷிம் ஆம்லா தன் மதத்தைச் சொல்லி அந்தச் சின்னத்தைச் சட்டையில் போட மாட்டேன் என்றார், வாரியமும் சரி என்றுவிட்டது. 2012இல் ஓவலில் ஆட்டமிழக்காமல் 311 அடித்தபோதும், பின்னால் கேப்டனாக நின்றபோதும் அவர் சட்டையில் பீர் சின்னம் கிடையாது. அதனால் அணி உடையவில்லை. பேசி வைத்துக்கொண்டால் எவ்வளவு அமைதியாக நடந்துவிடுகிறது பாருங்கள். ஆனால் இதை அப்படியே டி காக்குக்குப் பொருத்தவும் எனக்கு மனம் வரவில்லை. பீர் சின்னத்தை ஆம்லா மறுத்தால் எந்தத் தோழனுக்கும் அடிபடாது. இனவெறிக்கு எதிரான சைகையை மறுத்தால் அடிபடுகிறவன் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

மேன்லி விஷயத்தில் எனக்கு இந்த வித்தியாசம் இன்னும் உறைத்தது. 2022 ஜூலை, சிட்னி, ரக்பி லீக். மேன்லி சீ ஈகிள்ஸ் நிர்வாகம் ஒரே ஒரு ஆட்டத்துக்காக, எல்லாரையும் வரவேற்கிறோம் என்று காட்ட, சட்டையில் வெள்ளைக் கோடுகளுக்குப் பதில் வானவில் கோடுகள் போட்டது. வீரர்களிடம் முன்கூட்டிக் கலந்து பேசவே இல்லை. ஏழு பேர், மதம், பண்பாடு இரண்டையும் சொல்லி, அணிய மாட்டோம் என்றார்கள். பெரும்பாலும் பசிபிக் தீவுக் குடும்பங்களில் இருந்து வந்த கிறிஸ்தவப் பையன்கள், அவர்களும் அந்த நாட்டில் சிறுபான்மைதான். பயிற்சியாளர் டெஸ் ஹேஸ்லர் கேப்டனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், அந்த ஏழு பேரிடமும் கேட்டார், பாலினச் சிறுபான்மையினரிடமும் கேட்டார். ஆட்டத்தில் சிட்னி ரூஸ்டர்ஸிடம் 20-10 என்று தோற்றார்கள். அதற்கப்புறம் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அக்டோபரில் ஹேஸ்லர் வேலையும் போய்விட்டது.

அந்த மைதானத்துக்கே ஒரு பீர் கம்பெனியின் பெயர்தான் வைத்திருந்தார்கள், சட்டையில் பந்தயக் கம்பெனி விளம்பரம் இருந்தது, அதற்கெல்லாம் இடம் கொடுத்த நம்பிக்கை வானவில்லுக்கு மட்டும் ஏன் இடம் கொடுக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, நானும் கேட்கிறேன். ஆனால் எனக்கு மனதில் தங்கியது இயன் ராபர்ட்ஸ் சொன்னதுதான். அதே மேன்லிக்கு ஆடியவர், 1995இல் தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளியே சொன்னவர், அந்த விளையாட்டில் அப்படிச் சொன்ன முதல் பெரிய வீரர். இது என் நெஞ்சை உடைக்கிறது என்றார். அந்தக் கடற்கரைப் பகுதியில் தன்னைப் பற்றிக் குழம்பிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் இந்தச் செய்தி விழுந்திருக்கும் என்றார். நிர்வாகம் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் சட்டை தைத்தது. சட்டையே வராமல் இருந்திருந்தால் அந்த வாரம் அவர்கள் இவ்வளவு வெறுப்புப் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமல் செய்த நல்ல காரியம் யார்மேல் போய் விழுந்தது என்று பாருங்கள்.

மறுக்கிறவன் எப்போதும் அந்தப் பக்கத்து ஆள் என்றும் கிடையாது. இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கில் மண்டியிடுவதை முதலில் நிறுத்தியவர் கால்பந்து வீரர் வில்ஃப்ரைட் ஸாஹா, கறுப்பினத்தவர். 2021 மார்ச்சில், நிமிர்ந்து நிற்கத்தான் என் பெற்றோர் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு நின்றார். அவருடைய நிற்றலுக்கும் டி காக்கின் நிற்றலுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது.

நம் பக்கமும் ஒரு படம் உண்டு. அதே உலகக் கோப்பையில், அக்டோபர் 24, இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம். ரோஹித்தும் ராகுலும் ஆடுகளத்தில் மண்டியிட்டார்கள், மற்றவர்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே மண்டியிட்டார்கள், பாகிஸ்தான் வீரர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். நிர்வாகத்தில் இருந்து சொன்னார்கள், செய்தோம் என்று கோலி பிறகு விளக்கினார். யாரும் மறுக்கவில்லை. அடுத்த மாதமே நம்ம சென்னைக்காரர், முன்னாள் இந்திய வீரர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன், வாழ்க்கை முழுக்க நிறத்தைச் சொல்லி என்னை ஒதுக்கியிருக்கிறார்கள், அதுவும் சொந்த நாட்டிலேயே என்று ட்விட்டரில் எழுதினார். அதற்கு நாலு வருஷம் முன்னால் அபினவ் முகுந்தும் தன் நிறத்தை வைத்து வரும் பேச்சுகளைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருந்தார். சென்னை வெயிலில் பயிற்சி எடுத்துக் கறுத்தவன் நான், அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதிய கடிதம். துபாயில் மண்டியிட்ட அன்று இவர்கள் பெயரை நம் ஸ்டுடியோக்களில் யாராவது எடுத்திருந்தால் எனக்கு அந்த மண்டியிடல்மேல் இன்னும் மரியாதை வந்திருக்கும்.

டி காக் அக்டோபர் 30 அன்று ஷார்ஜாவில் இலங்கைக்கு எதிரான ஆட்டத்தில் மண்டியிட்டார். கேமரா அவரை விடவே இல்லை. முழங்காலை ஊன்றினார், எழுந்தார், கையுறை மாட்டிக்கொண்டு ஸ்டம்ப்புக்குப் பின்னால் போனார்.

அன்று ராத்திரிதான் அந்த இடது கை நண்பனுக்குப் போன் செய்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறான், வருஷத்துக்கு இரண்டு முறை பேசிக்கொள்வோம். நிட்டினி நேர்காணல் பார்த்ததில் இருந்து ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த போன் அது. நிட்டினியின் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன், அப்புறம் தண்ணீர் பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேனே என்று எனக்கே குரல் ஒட்டவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஏழாவது படிக்கும்போது ஒரு தடவை குடத்துல மொண்டேன்டா. அடுத்த நாள் குடம் மாறியிருந்துச்சு. அதோட விட்டுட்டேன்" என்றான்.

எனக்கு அது தெரியவே தெரியாது.

"உறுதிமொழி படிச்சது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"அதுதான்டா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. பாட்டில்கூடப் பழகிப்போச்சு. கீழ உங்களோட நின்னு நானும் கைய நீட்டியிருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. மேல ஏத்திவிட்டதுல ஸ்கூலே என்னைப் பார்த்துச்சு. முடியாது சார்னு சொல்லணும்னு இருந்துச்சு. நான் எப்படிடா சொல்லுவேன்?"

என்னிடம் பதில் இல்லை. மன்னிச்சுக்கடா என்றேன். அதை அவன் காதில் வாங்கிக்கொண்டானா என்று தெரியவில்லை. டி காக் மண்டி போட்டானே பார்த்தாயா என்று கேட்டேன், பேச்சை மாற்றுவதற்காக.

"அத எங்க பார்த்தேன்? ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ரெண்டாவது பேட்டிங்தான் பார்த்தேன். ஹசரங்கா ஹாட்ரிக் பார்த்தியா நீ? மார்க்ரம தூக்கிட்டு, ரெண்டு ஓவர் கழிச்சு வந்து முதல் பந்துல பவுமா, அடுத்த பந்துல பிரிட்டோரியஸ். அதுக்கப்புறமும் கடைசி ஓவர்ல பதினஞ்சு ரன்ன அடிச்சு ஜெயிக்கிறானுங்கடா. மில்லர் அந்த ரெண்டு சிக்ஸ் அடிச்சப்போ வீட்ல எல்லாரும் ஓடி வந்துட்டாங்க, நான் போட்ட சத்தத்துல."

பார்த்தேன் என்றேன். பவுமா 46 அடித்துவிட்டு அந்த நேரத்தில் அவுட் ஆனது சரியில்லை என்றான், இல்லை அது நல்ல பந்து என்றேன், அதை வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டோம்.